சாவிக்காரனின் முதல் மாத்திரை

நான் வந்து இறங்கிய அன்று, அண்ணன் கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆனது.

மூன்றாம் மாடி. பையைக் கீழே வைத்துவிட்டு மணியை அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வரும் தங்கையைக் கொஞ்சம் காக்க வைத்து விளையாடுகிறான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அடித்தேன்.

"சாவி எங்க?" என்றது அவன் குரல்.

நான் கிளம்பிப் போன நாளில் வீட்டுச் சாவியின் நகல் ஒன்றை எனக்காக அவனே வெட்டிக் கொடுத்திருந்தான். எந்த நேரம் வந்தாலும் மணி அடிக்காமல் உள்ளே வரலாம் என்று சொல்லித்தான் கொடுத்தான். இரண்டாம் வருடமே ஏதோ ஒரு துறைமுக ஊரின் விடுதியில் அதைத் தொலைத்துவிட்டேன். அப்போதே போனில் சொன்னேன், அவனும் சிரித்தான். அதையே இப்போது மறுபடி சொன்னேன்.

"யார் கையில கிடைச்சுது?"

"யாருக்குத் தெரியும்ணே? குப்பையில போயிருக்கும். கதவைத் திற."

திறக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, அறையில் என்னோடு எத்தனை பேர் தங்கினார்கள், அவர்களில் யாராவது மெழுகோ சோப்போ கையில் வைத்திருந்தார்களா என்று வரிசையாகக் கேட்டான். மெழுகில் சாவியை அழுத்தினால் அதன் அச்சு விழும் என்பது எனக்கும் தெரியும். வேலைக்குக் கிளம்பிய மேல்மாடிக்காரர் என்னைத் தாண்டி இறங்கும்போது, நிற்காமலேயே, "உங்களுக்காவது திறக்கிறாரான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தாழ்ப்பாள்கள் விலகின. அண்ணன் பாதி ஆளாக நின்றான். கட்டிக்கொள்ளப் போனேன். அவன் குனிந்து என் பையைத் திறந்து, அடித்தையல் வரைக்கும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். சாவி இல்லை என்று உறுதியான பிறகு, "சாப்பிட்டியா?" என்றான்.

எனக்குத் தெரிந்த அண்ணன் வேறு. பதினேழு வயதில் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன், அங்கே மூலையில் யாரும் தொடாமல் கிடந்த சாவி வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டித் தானாகவே பழகினான். கெடுத்த சாவிகளை ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தான்; அது அவன் இடுப்பு உயரம் வளர்ந்தபோதுதான் கெடுப்பது நின்றது. இருபத்து மூன்றில், ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில், ஒரு ஆள் நிற்கவும் ஒரு ஆள் குனியவும் இடமுள்ள கடை ஒன்றைப் பிடித்தான். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவன் சாவிக்காரன்தான்.

மெஷின் வெட்டித் தந்ததை அப்படியே கொடுக்க மாட்டான். சாவியை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கி, அரத்தால் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு தேய்த்து, கட்டைவிரல் நகத்தை அதன் பற்கள் மேல் ஓட்டிப் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியும் என்பான். முடிந்ததும் சாவி யாருடையதோ அவர் உள்ளங்கையில் முதலில் அவருடைய பழைய சாவியை வைப்பான், பிறகுதான் புதியதை. மூலச்சாவி தன் கையில் ஒரு நொடிகூட அதிகமாகத் தங்கக் கூடாது என்பது அவனே போட்டுக்கொண்ட விதி. போகிறவர்களிடம் மறக்காமல் ஒன்று சொல்வான்: திரும்பாத சாவியை முறுக்காதீங்க, எங்கிட்ட கொண்டாங்க, ரெண்டு இழுப்புல சரியாயிடும்.

அவன் கல்யாணத்தன்று மண்டபத்தில் தட்டுகள் வைத்திருந்த அறையின் பூட்டு சிக்கிக்கொண்டது. பந்தி காத்திருந்தது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையையே கூப்பிட்டார்கள். புதுச் சட்டையோடு முட்டிபோட்டு, கொண்டை ஊசி ஒன்றை வாங்கி, இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டான். ஊசி மணப்பெண்ணுடையது. "என்னைவிடப் பூட்டுதான் முக்கியம்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு" என்று அண்ணி வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் பல வருடம் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்ட்டர் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கண்ணாடிக்கு அப்பால் கத்துகிறவர்களிடம் நிதானமாகப் பதில் சொல்கிறவள். அந்த நிதானம் தேய்ந்துபோயிருந்தது.

எட்டு மாதம் முன்பு தொடங்கியதாம். கடைச் சுவருக்குப் பின்னால் யாரோ அரம் போடுகிற சத்தம் கேட்கிறது என்றான். பிறகு சத்தம் இரண்டு ஆண் குரல்களாயிற்று. ஒரு சாவியில் எத்தனை பள்ளம், எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை எண்களாகவே சொல்லிவிடலாம். அந்த எண்கள் தெரிந்தால் சாவியைப் பார்க்காமலே நகல் வெட்டலாம். அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சாவியின் எண்களை ஒருவனுக்கொருவன் வாசித்துக் காட்டினார்கள். நாலு, ஒண்ணு, மூணு, மூணு, ரெண்டு. அண்ணன் அன்றே பூட்டை மாற்றினான். பத்து நாளில் அவர்கள் புதுப் பூட்டின் எண்களை வாசித்தார்கள். மறுபடி மாற்றினான். நான் வந்தபோது கதவில் இருந்தது பதினொன்றாவது பூட்டு. இத்தனைக்கும் தொடக்கம், நான் தொலைத்த சாவி என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

போன வாரம் அவன் கடைக்குப் போகும்போது அண்ணியையும் அவர்களோடு இருக்கும் அம்மாவையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான். இருவரின் போனையும் எடுத்துப்போயிருந்தான். மதியம் கீழ்த்தளத்தில் குப்பைத்தொட்டி பற்றிக்கொண்டது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏற, எல்லா வீட்டுக்காரர்களும் தெருவுக்கு ஓடினார்கள். இவர்கள் இருவரும் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். மேல்மாடிக்காரர் இரும்புக் கம்பியோடு வந்து கதவை நெம்பப் பார்த்தார். அண்ணன் மாட்டிய பூட்டு, அசையவில்லை. நல்லவேளை, தீயைக் கீழேயே அணைத்துவிட்டார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் நேரே போலீஸ்தான் என்று கட்டடத்துக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள்.

"ஈரத் துணிய அத்தை மூக்குல வச்சுட்டு, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள் அண்ணி. "அப்பக்கூட எனக்கு இவர் மேல கோவம் வரல. பயம்தான் வந்துச்சு. பயத்தோட எத்தனை நாள் குடும்பம் நடத்தறது?"

எனக்கென்ன பைத்தியமா என்று டாக்டரைப் பார்க்க மறுத்தவன், தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டான். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன். தூக்கத்துக்கு மட்டும், ஆஸ்பத்திரியில் தங்கவைக்கக் கூடாது, கதவுப் பக்கத்து நாற்காலி தனக்கு என்ற மூன்று நிபந்தனைகளோடு வந்தான்.

மனநல டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை டேப் ஒட்டி நிறுத்தியிருந்தார். தூக்கத்தைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார். எது எழுப்புகிறது என்று கேட்டபோது அண்ணன் அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னான். இப்போதும் கேட்கிறதா என்றார். கேட்கிறது, உங்கள் மேசை டிராயர் சாவியின் எண்களைச் சொல்கிறார்கள் என்றான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கல" என்றார் டாக்டர். "உங்களுக்குக் கேக்குதுங்கறதை நம்பறேன். எட்டு மாசம் இதைக் கேட்டுக்கிட்டே கடையத் திறந்து வேலை பாத்திருக்கீங்க. லேசுப்பட்ட விஷயமில்ல."

அண்ணனின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கியதை நான் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: மனச்சிதைவு. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பெயர் சொல்லியே பேசலாம், மறைத்துப் பயனில்லை என்றார். பிறகு ஒரு பழைய படிவத்தைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் மூன்று கோடுகள் இழுத்தார்.

முதல் முறை இந்த நோய்க்கு ஆளாகிறவருக்கு எந்த மாத்திரை கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது என்றார். குரல்களை அடக்குவதில் இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பதிலுக்கு உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பதில்தான் வித்தியாசம். எல்லாரிடமும் எடுக்காது. எடுத்தாலும் பெரும்பாலும் சரிசெய்யலாம். குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏதாவது அசைவு தெரிகிறதா என்று பார்ப்பார். முழுதாகத் தீர்ப்புச் சொல்ல நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

முதல் கோடு, ஒலான்சபின். நன்றாகத் தூங்கவைக்கும். ஆனால் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை வர வாய்ப்புண்டு. அதனால் அதை முதலிலேயே எடுக்கத் தனக்கு மனமில்லை என்றார். இரண்டாவது, ரிஸ்பெரிடோன். அளவு ஏற ஏறச் சிலருக்குத் தசை இறுகும், கை நடுங்கும். மூன்றாவது, அரிப்பிபிரசோல். எடையையும் கையையும் அநேகமாகத் தொடாது. சிலருக்கு மட்டும் கால் ஓரிடத்தில் நிற்காது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள்.

"அது எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்திக்கு இருக்கே" என்று அம்மா என்னைக் காட்டினாள். அத்தனை இறுக்கத்துக்கு நடுவில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர்கூடச் சிரித்தார். மூன்றாவது கோட்டைப் பற்றி அவர் அடுத்துச் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் ஏறவில்லை.

பிறகு சண்டை வந்தது. சர்க்கரை என்ற சொல்லுக்கு மேல் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் போனது. நான்கு வருடம் அந்தப் புண்ணைக் கழுவியவள் அவள். இனி பிள்ளைக்கும் கழுவ என்னிடம் தெம்பில்லை என்றாள். அண்ணிக்கு முதல் கோடுதான் வேண்டும். அவர் தூங்கினால்தான் நான் தூங்க முடியும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், குண்டாக இருந்தால் நான் ஒன்றும் குறைசொல்ல மாட்டேன் என்றாள். நான் எது சீக்கிரம் வேலை செய்யும் என்று கேட்டேன். மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம். அண்ணன் கதவுப் பக்கத்து நாற்காலியில், தன்னைப் பற்றி வேறு அறையில் பேசுவது போல உட்கார்ந்திருந்தான்.

"முழுங்கப் போறது நீங்க மூணு பேரும் இல்ல" என்றார் டாக்டர். அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களைக் கேக்கறேன். இதுல எது போனா உங்களால தாங்க முடியாது?"

அவன் எழுந்து வந்தான். வலது கையை மேசைக்கு மேல் நீட்டி, விரல்களை விரித்து அந்தரத்தில் நிறுத்தினான். நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் இருக்கும். ஒரு விரல்கூட ஆடவில்லை.

"இது" என்றான்.

டாக்டர் மூன்றாவது கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார். மாத்திரை அட்டை தன்னிடம்தான் இருக்க வேண்டும், வேறு யாராவது மாற்றி வைத்துவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னான். அண்ணி ஆட்சேபித்தாள். அவர் மருந்து அவர் கையில் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

முதல் ஐந்து நாள் ஓரளவு நன்றாகவே போனது. காலையில் கடையில்தான் மாத்திரை போடுவான். அண்ணி மாலையில் அட்டையை வாங்கி, காலியான குழிகளை எண்ணிப் பார்ப்பாள். கணக்குச் சரியாக இருந்தது. குரல்கள் தூரத்துக்குப் போன மாதிரி இருக்கிறது என்று அவனே ஒரு நாள் சொன்னான்.

ஆறாம் நாள் நடக்கத் தொடங்கினான். சமையலறையிலிருந்து வாசல்கதவு வரை பதினோரு அடி; திரும்பவும் பதினோரு அடி. இரண்டு வாய் சாப்பிடுவான், எழுந்துவிடுவான். கடையில் அரத்தை வைத்துவிட்டு நிலையப் படிக்கட்டில் ஏறி இறங்குவதாகப் பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரர் சொன்னார். "உன் சக்கரக்கால் அவனுக்கும் வந்துடுச்சுடி" என்றாள் அம்மா. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிகூட. பூட்டிக்கொண்டு கிடந்தவன் வெளியே வரத் துடிக்கிறான் என்று நினைத்தேன். மாலைகளில் அவனைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தேன். அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பதினோராம் நாள் குரல்கள் திரும்ப வந்துவிட்டன. முன்பைவிட அருகில். மறுநாள் அவன் பெட்டியிலிருந்து புதிய பூட்டு ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தான். அது பன்னிரண்டாவது. அண்ணி உள்ளே போய் ஒரு பையில் நான்கு சேலைகளை மடித்து வைத்து, அதை வாசல்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அவர் இதை மாட்ட ஆரம்பிச்சா நான் வெளிய நிப்பேன். உள்ள இருக்க மாட்டேன்" என்றாள் என்னிடம்.

மறுநாள் டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். அன்று மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடை திறந்து கிடந்தது. அவன் படிக்கட்டில் எங்கோ நடந்துகொண்டிருந்தான். அவன் முக்காலியில் உட்கார்ந்தேன். சாவியைப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் மடித்த அட்டைத்துண்டு செருகியிருந்தது. சாவி பிடிக்க அட்டை தேவையில்லை; நசுங்கக் கூடிய ஏதோ ஒன்றுக்குத்தான் தேவை. கீழே எப்போதும் போல மஞ்சளாகப் பித்தளைத் தூள். அதன் மேல் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. விரலால் தொட்டேன். மாவு மாதிரி இருந்தது. மெல்லிய அரத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் வரிகளெல்லாம் வெள்ளை.

மேசை டிராயரில், அன்றைக்கு இன்னும் போடாத மாத்திரை தயாராக இருந்தது. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்த்து, விளிம்பில் பிசிறில்லாமல், பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக மீதம். அண்ணன் கைவேலை. பார்த்தாலே தெரியும்.

இதை அண்ணியிடம் சொன்னால் அந்தப் பை இன்றே படியிறங்கும். டாக்டரிடம் சொன்னால், இவர் கையில் மருந்து கொடுத்து வேலைக்காகாது என்று ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து ஊசி போடுவார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாவிட்டால், பாதி மாத்திரையை முழு மாத்திரை என்று நம்பி டாக்டர் அடுத்த முடிவை எடுப்பார். எதைச் சொன்னாலும், சாவியைத் தொலைத்தவள் இப்போது வேவு பார்க்கவும் வந்துவிட்டாள் என்றாகும்.

தூளில் கொஞ்சத்தை ஒரு காகிதத்தில் வழித்தேன். அவன் வந்தான். நின்ற இடத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தான். காகிதத்தை வைஸின் மேல் பிரித்து வைத்தேன்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு நீயே டாக்டர்கிட்ட சொல்லு."

"சொல்லலன்னா?"

அவன் அரத்தை எடுத்தான். கடையின் ஒரே வாசலில் அவன் நின்றான். நான் உள்ளே இருந்தேன். தலைக்கு மேல் ரயில் வந்து, நின்று, ஆட்கள் தடதடவென்று படியிறங்கும் சத்தம் முடியும் வரை அவன் அசையவில்லை. கால்கள் மட்டும் ஆடின. பிறகு பித்தளைத் தூரிகையை எடுத்து, அரத்தின் வரிகளிலிருந்து வெள்ளையை ஒவ்வொரு வரியாகத் துடைத்தான். "சாப்பாடு ஆறிடுச்சு" என்றான்.

மறுநாள் காலை அண்ணி டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்: நடை, குரல்கள், மேசை மேல் பூட்டு. அண்ணன் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். டாக்டர் குறிப்புகளைப் புரட்டினார். குறைந்த அளவில்தான் தொடங்கியிருக்கிறோம், இரண்டு வாரம் ஆகப்போகிறது, அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என் கைப்பைக்குள் அந்தக் காகிதப் பொட்டலம் இருந்தது. அதன் மேல் என் விரல் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"டாக்டர்" என்றான். "மாத்திரை மேல தப்பில்ல. நான் தேய்ச்சுட்டேன்."

பேனா நின்றது.

"எதைத் தேய்ச்சீங்க?"

"மாத்திரையைத்தான். ஏழாம் நாள் ரெண்டு இழுப்பு. சரியாகல. அப்புறம் நாலு. இப்ப பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். திரும்பலைன்னா முறுக்கக் கூடாது. தேய்க்கணும்."

அண்ணி அவனையே பார்த்தாள். தினமும் எண்ணிய அந்தக் காலிக் குழிகளை அவள் இப்போது திரும்ப எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை.

டாக்டர் திட்டவில்லை. எதற்காகத் தேய்த்தீர்கள் என்று கேட்டார். கால் நிற்க விடவில்லை என்றான். நடக்கணும்னு ஆசையா இருக்கா, இல்ல நிக்க முடியலையா என்று கேட்டார். அவன் யோசித்தான்.

"ஆசையெல்லாம் இல்ல. நடந்தா கொஞ்சம் தேவலை. நின்னா, எலும்புக்குள்ள யாரோ அரம் போடற மாதிரி இருக்கு."

டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். இது நோயில்லை, மருந்து செய்யும் வேலை என்றார். அளவைக் கூட்டியிருந்தால் இவரால் ஒரு நிமிடம்கூடத் தாங்கியிருக்க முடியாது. இந்த அவஸ்தையில் மாடியிலிருந்து குதிக்கத் துணிந்தவர்களும் உண்டு என்றார். கால் நிற்கவில்லை என்றால் அன்றே போன் செய்யுங்கள் என்று மருந்து எழுதிய அன்றே சொன்னேனே என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆற்றுப் பாலத்தை நினைத்துக்கொண்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

படிவத்தின் பின்பக்கம் மறுபடி மேசைக்கு வந்தது. இதே மருந்தைக் குறைத்துக் கொடுத்து, காலுக்கு இன்னொரு மாத்திரை சேர்க்கலாம். அல்லது இரண்டாவது கோட்டுக்குப் போகலாம். அம்மா வாயைத் திறந்தாள். "அத்தை, இருங்க" என்றாள் அண்ணி. "அவரே சொல்லட்டும்."

அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கை மட்டும் இருந்து என்ன செய்ய, கடையில் நிற்க முடியாவிட்டால் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான். இரண்டாவது கோட்டில் விரலை வைத்தான். அது கை நடுங்கும் கோடு.

டாக்டர் ஒரு ஏற்பாடு சொன்னார். மிகக் குறைந்த அளவில் தொடங்குவார். வாரம் ஒரு முறை அண்ணன் மெஷின் இல்லாமல், கையாலேயே தேய்த்த ஒரு சாவியைக் கொண்டுவர வேண்டும். "கை நடுங்குதுன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்க நகத்துக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லுங்க. குறைக்க வேண்டியதை நான் குறைக்கறேன். மாத்திரை மேல அரம் வேண்டாம்."

அண்ணியும் ஒன்று கேட்டாள். பன்னிரண்டாவது பூட்டு பெட்டிக்குள் போக வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம்" என்றான். பை வாசல் பக்கத்திலேயே இருந்தது.

கால்கள் அடங்க ஒன்பது நாள் பிடித்தது. முதல் வாரச் சாவி சுத்தம். இரண்டாம் வாரமும். பூட்டை வைத்து ஒவ்வொரு வாரமும் பேரம் நடந்தது; ஒவ்வொரு வாரமும் இன்னொரு வாரம் வாங்கினாள் அண்ணி. குரல்கள் விடவில்லை என்பதால் டாக்டர் அளவைச் சற்று ஏற்றினார். மூன்றாம் வாரம் அண்ணன் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். என் கண்ணுக்கு அது மற்றவற்றைப் போலவே இருந்தது. நாலாவது பள்ளத்தில் பிசிறு என்றான். மணிக்கட்டு இறுகுகிறது, அரம் வழுக்குகிறது. மருந்தையே நிறுத்திவிடுவான் என்று நான் நினைத்தேன். டாக்டர் அவன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்து, ஏற்றியதில் பாதியை இறக்கினார். சொன்னதற்கு நன்றி என்றார். அதை அவர் ஒரு வாடிக்கையாளர் சொல்வது போலச் சொன்னார்.

நாலாம் வாரச் சாவியை அவன் டாக்டரிடம் உடனே கொடுக்காமல் மூன்று முறை நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். ஐந்தாம் வாரம் ஒரு முறைதான் ஓட்டினான்.

அந்த வாரம்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே சொன்னான்: "அவனுங்க எண்ணைத் தப்பா சொல்றானுங்க."

அண்ணியின் கை தட்டுக்கு மேல் நின்றது.

"மூணாவது பள்ளம் ரெண்டுங்கறான். இப்ப இருக்கற பூட்டோட சாவியில ரெண்டே கிடையாது. தொழில் தெரியாதவனுங்க."

அடுத்தடுத்த நாள்களில் அவர்கள் அதைச் சொல்வதையும் குறைத்தார்கள். முழுதாகப் போய்விட்டார்களா என்று நான் கேட்டதில்லை. குரல் நின்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது, ஒன்றிரண்டு வருடமாவது தொடர வேண்டும், எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. எனக்குத்தான் எல்லாவற்றிலும் அவசரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் எங்களை வாசல்கதவருகே கூப்பிட்டான். கதவில் அதே பதினொன்றாவது பூட்டு. அதற்கு இரண்டு புதுச் சாவிகள் வெட்டியிருந்தான். அண்ணியைக் கையை நீட்டச் சொன்னான். அவள் உள்ளங்கையில் அவன் முதலில் வைத்தது புதியது இல்லை. பத்து மாதமாகத் தன் இடுப்பிலேயே கட்டி வைத்துக்கொண்டு, பூட்டு மாறும்போதெல்லாம் மாறிய, அந்த மூலச்சாவி. அவள் அதையும் அவனையும் பார்த்தாள். பிறகு குனிந்து, கதவோரம் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். புதுச் சாவிகளில் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தான். மற்றதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நானும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"உனக்கு வேணாம். தொலைச்சுடுவே" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மணி அடி. திறக்கறேன்."

உள்ளேயிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் வந்தது. பத்து மாதத்தில் அவன் அடித்த முதல் நக்கல் அது என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் மாலை வெளியே போய்விட்டு வந்து மணியை அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம் வந்தது. பதினோரு அடி. கதவின் கண்ணாடித் துளை ஒரு கணம் இருண்டது, அண்ணன் பார்க்கிறான். நான் சும்மா நின்றேன். பிறகு ஒரே ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.